நின்றுபோன ஜீவனாம்சத்தை வாங்கினேன்: என் அனுபவம்

மகளுக்கு மாதம் 6,000 ரூபாய் தரச் சொல்லி அவள் அப்பாவுக்குக் குடும்ப நல நீதிமன்றம் உத்தரவு போட்டது. நான்கு மாதம் வந்தது, அப்புறம் நின்றது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் எட்டு மாதம் சும்மா இருந்தேன். அது பெரிய தப்பு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியாதாம். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில்தான் இது தெரிந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். உத்தரவு நகல், ஆதார், பாஸ்புக் கொண்டுபோனேன். கடைசியாகப் பணம் ஏறிய வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு, மிச்ச மாதங்களை விரல்விட்டு எண்ணினார் வக்கீலம்மா. மனு போட்டோம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று தெரிந்ததும், அடுத்த வாய்தாவிலேயே அவள் அப்பா 48,000 ரூபாயையும் கட்டினார். மறுநாளே பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை மகள் கையில் கொடுத்தேன்.