விரலைத் தொட்டே ஆக வேண்டுமா? யோகா தொடங்குவோர் செய்யும் தவறுகள்

யோகா பழகலாம் என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதல் நாளே கால் நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கட்டைவிரலைத் தொடப் பார்க்கிறார்கள். எட்டவில்லை என்றால் "நமக்கெல்லாம் உடம்பு வளையாது" என்று பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ தொட்டுவிட்டவர்களின் நிலை இன்னும் மோசம். மறுநாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இப்படிக் கால் நீட்டிக் குனியும் பச்சிமோத்தாசனத்தில் உடம்பு மடங்க வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் முடிகின்றன. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இவை இறுகிப் போயிருக்கும். இறுகிய தசை இடுப்பெலும்பை முன்னால் சாய விடாது. அப்போதும் விடாப்பிடியாகக் குனிந்தால், கீழ்முதுகுதான் கூன் போட்டு வளைந்து கொடுக்கும். அங்கே முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகள் முன்பக்கம் நசுங்கும். தூங்கி எழுந்த நேரத்தில் இந்த வட்டுகள் நீர் ஊறிச் சற்று உப்பியிருப்பதால், அதிகாலையில் எழுந்தவுடனே ஆழமாகக் குனிவது முதுகுக்கு இன்னும் சுமை. எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுக் குனியுங்கள்.

மடித்த போர்வையின் மேல் உட்காருங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். வயிறு தொடையை நோக்கிப் போகட்டும். கைக்கு எட்டாத பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். விரல் எட்டியதா என்பது கணக்கிலேயே வராது.

பத்மாசனத்தைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் சேர்ந்த வகுப்பில் முதல் வாரமே எல்லோரையும் பத்மாசனத்தில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சுலபமாக உட்கார்ந்துவிட, நான் இடது பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் வைத்தேன். முழங்காலின் உட்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. அதன்பின் இரண்டு மாதம் மாடிப்படி ஏறவே சிரமப்பட்டேன். முழங்கால் கதவுக் கீல் போல, பெரும்பாலும் மடங்கி நீளத்தான் அமைந்தது. காலைத் திருப்பும் வேலை இடுப்பு மூட்டுடையது. இடுப்பு திரும்ப மறுத்தால் அந்தத் திருகல் முழங்காலின் குருத்தெலும்பில் போய் விழும். இதை அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தசையின் நடுவில் மெல்ல இழுப்பது போல இருந்தால் பயமில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ, மரத்துப் போனாலோ, அந்த நொடியே காலை விடுவித்துவிடுங்கள். சுகாசனம் போதும், அதாவது சாதாரணச் சம்மணம். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம்.

தலையணை வைப்பதையும் சுவரைப் பிடிப்பதையும் பலர் குறைவாக நினைக்கிறார்கள். புகழ்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் போர்வை, கட்டை, பெல்ட், கயிறு எல்லாவற்றையும் தம் பயிற்சி முறையின் அங்கமாகவே வைத்திருந்தார். அவருக்கு ஆரம்பத்தில் கற்றுக்கொடுத்தவர் 1888இல் பிறந்து 1989இல் சென்னையில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா. ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதே அவர் வழி வந்த பாடம். பதஞ்சலியின் யோக சூத்திரமும் ஆசனத்துக்குக் கேட்பது நிலைத்தன்மை, சுகம் என்ற இரண்டை மட்டும்தான்.

அந்தச் சுகம் இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது மூச்சு. குனியும்போது மூச்சு வெளியே போக வேண்டும், மார்பு விரியும்போது உள்ளே வர வேண்டும். புதியவர்கள் இதை மறந்து மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். மூச்சு திக்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு அங்குலம் பின்வாங்குங்கள். சூரிய நமஸ்காரத்தில் இது நன்றாகவே தெரியும். முதல் நாளே 12 சுற்று என்று எண்ணிக்கையைத் துரத்துகிறவர்கள் நான்காவது சுற்றிலேயே வாயால் மூச்சு வாங்குவார்கள். தொடக்கத்தில் மூன்று சுற்று, மூக்கால் மட்டும் மூச்சு விட்டு நிதானமாகச் செய்தால் போதும்.

சிரசாசனத்தை முதல் வருடம் மறந்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. கழுத்து தாங்கிப் பழகாத சுமை அது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தமும் கூடும். கண்ணழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும், எளிதாகத் தெரியும் கபாலபாதியும் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல. யூடியூப் பார்த்துச் செய்தால் உங்கள் முதுகு வளைவதை யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். முதல் ஒரு மாதமாவது நேரில் பார்த்துத் திருத்தும் ஒருவரிடம் பழகுங்கள், உங்கள் நோய்களை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் மட்டும் விதிவிலக்கு. ஒரு மணி நேரம் என்று தொடங்கிப் பத்தாம் நாள் விட்டுவிடுவதைவிட, தினமும் 20 நிமிடம் நல்லது.

கடைசியில் வரும் சவாசனத்தை 'சும்மா படுத்திருப்பதுதானே' என்று விட்டுவிட்டு அடுப்படிக்கோ ஆபீசுக்கோ ஓடுகிறார்கள். ஐந்து நிமிடம் படுங்கள்; முதுகு வலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. எழும்போது நேராக நிமிராமல், வலப்பக்கம் ஒருக்களித்து, சில மூச்சு அப்படியே இருந்து, கையைத் தரையில் ஊன்றி, தலையைக் கடைசியாகத் தூக்குங்கள்.