நீலகிரி நெட்டைக்காலிக்கு வாழிட மேப் போடறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நீலகிரி நெட்டைக்காலி மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குப் பக்கம், உச்சியில இருக்கற புல்வெளிய நம்பியே வாழற பறவை, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இதுக்கு மேப் போடும்போது நடக்கற பெரிய தப்பு, வெறும் மழை, வெப்பநிலை, உயரம் மூணையும் வெச்சு, பறவை எங்க இருக்கும்னு கணிக்கற கம்ப்யூட்டர் மாடல ஓட்டிட்டு விட்டுடறது. அப்படி பண்ணா வெளியில இருந்து கொண்டு வந்து நட்ட வாட்டில், பைன் மரங்கள் அடர்ந்து நிக்கற மலைச்சரிவையும் நல்ல வாழிடம்னு காட்டிடும், ஏன்னா கிளைமேட் அங்கயும் அதேதான், புல்லுதான் இல்ல. தரையில புல்லுத் தூருக்குள்ள கூடு கட்டற பறவைக்கு அந்த மரத்தடியில என்ன வேலை? பழனி மலையில 40 வருஷத்துல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு, தோட்ட மரங்களாலயும் விவசாயத்தாலயும்தான். அதனால பறவையப் பாத்த பழைய பதிவ எடுத்தா அது எந்த வருஷம்னு பாருங்க, அப்ப புல்வெளியா இருந்த இடம் இன்னிக்கு பைன் தோப்பா இருக்கலாம்.

மேப்ப 1 கிலோமீட்டர் கட்டமா பிரிச்சாலும் இங்க உதவாது, சோலைக்காடும் புல்வெளியும் சில மீட்டர்லயே மாறிடும், சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் துல்லியத்துல இலவசமாவே கிடைக்குது, அத எடுங்க.

அப்புறம் ஈபேர்ட் பதிவுகள், அதாவது பறவை பாக்கறவங்க பாத்தத ஆன்லைன்ல போடற பதிவுகள். பெரும்பாலும் ரோட்டோரமும் வியூபாயின்ட்டும்தான், அப்படியே போட்டா பறவை இருக்கற இடத்த விட்டுட்டு ஆளுங்க போற இடத்த மாடல் கத்துக்கும். வயல் நெட்டைக்காலியும் பாக்க கிட்டத்தட்ட இதே மாதிரிதான், கீழ் உயரத்துல பதிவு இருந்தா போட்டோவோ குரலோ இல்லாம நம்பாதீங்க. பனிமூட்டத்துல ஒரு தடவ போயி பாக்கலன்னா இல்லைன்னு எழுதிடறதும் தப்பு, அது புல்லுக்குள்ள பதுங்கற பறவை, மறுபடி மறுபடி போகணும்.

மாடலோட ஸ்கோர பாத்தும் ஏமாறக்கூடாது. சமவெளிய எல்லாம் ஏரியாவுக்குள்ள சேர்த்தா ஏயூசி (பறவை இருக்கற இடத்தையும் இல்லாத இடத்தையும் மாடல் எவ்வளவு நல்லா பிரிக்குதுங்கற ஸ்கோர்) தானா ஏறிடும், கீழ இந்தப் பறவை இல்லைன்னு சொல்றது ரொம்ப சுலபம், பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு புல்வெளியில எதுல இருக்கும்ங்கறதுதான் நமக்கு வேணும். நீலகிரி, ஆனைமலை பதிவ வெச்சு மாடல் செஞ்சு, பழனியில டெஸ்ட் பண்ணிப் பாருங்க, உண்மை தெரிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு, கெஞ்சியே கேக்கறேன், மேப்ல புல்வெளிய தரிசுன்னோ காலி இடம்னோ குறிச்சிடாதீங்க, அதப் பாத்துட்டு யாராவது நல்லது செய்யறோம்னு அங்க மரம் நட்டுடுவாங்க.