மயங்கிக் கிடப்பவரின் மூச்சுவழியைக் காப்பது எப்படி?

ஒருவர் மயங்கி விழுந்ததும் தலைக்குத் தலையணை வைப்பதும் வாயில் தண்ணீர் புகட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். இரண்டுமே மூச்சுவழியை அடைக்கக்கூடியவை. ஏன் என்று புரிய, காற்று போகும் பாதையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மூக்கில் நுழையும் காற்று, அங்கேயே வெதுவெதுப்பும் ஈரமும் பெற்றுத் தொண்டைக்கு இறங்குகிறது. உணவுக்கும் அதுவே வழி. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி கவிந்து, உணவைப் பின்னாலுள்ள உணவுக்குழலுக்குத் திருப்புகிறது. இந்த ஏற்பாடு சற்றே பிசகினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டினாலும், பருக்கையை வெளியே தள்ளுவது இருமல்தான். குரல்வளைக்குக் கீழே, பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் மூச்சுக்குழல் இருக்கிறது. கழுத்தின் முன்புறம் விரலை வைத்து மெல்ல வருடினால் அதன் குருத்தெலும்பு வளையங்கள் தட்டுப்படும். அவை இருப்பதால் குழல் தானாகச் சுருங்கி மூடிக்கொள்வதில்லை. மேலேயுள்ள தொண்டைக்கோ அப்படி வளையம் ஏதும் இல்லை. தசைகளின் விறைப்புதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. நினைவு தப்பினால் அந்த விறைப்பு தளர்ந்து, மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. தலையணை வைத்தால் கழுத்து முன்னால் மடங்கி, அடைப்பு மேலும் இறுகும். இருமும் திறனும் குன்றியிருப்பதால், புகட்டிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத்தகடான உதரவிதானம் கீழிறங்கி விலா எலும்புகள் விரியும்போது மார்புக்கூட்டின் உள்ளே அழுத்தம் குறைவதால், வெளிக்காற்று உள்ளே புகுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, முறைக்கு ஏறக்குறைய 500 மி.லி. காற்றை இழுக்கிறார். வழி அடைபட்டாலும் உதரவிதானம் சிறிது நேரம் முயன்றுகொண்டே இருக்கும். எனவே மார்பு அசைவதை மட்டும் பார்த்து மூச்சு ஓடுகிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இனிச் செய்முறை. தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். பதில் இல்லையென்றால், 108-ஐ (இலங்கையில் 1990) அழைக்க ஒருவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, அவரை மல்லாத்தி, ஒரு கையால் நெற்றியை அழுத்தித் தலையைப் பின்னால் சாய்த்து, மறு கையின் இரு விரல்களால் மோவாய் எலும்பைத் தூக்குங்கள். விரல்கள் எலும்பின் மீதே இருக்க வேண்டும். அதன் கீழுள்ள மென்சதையை அழுத்தினால் நாக்கையே மேலே தள்ளி வழியை அடைத்துவிடுவோம். கைக்குழந்தைக்குத் தலையை அதிகம் சாய்க்கக் கூடாது; முகம் நேராக மேல்நோக்கி இருந்தால் போதும்.

மூன்றாவதாக, உங்கள் கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுசென்று, பார்வையை மார்பின் மீது வைத்து, 10 நொடிக்கு மிகாமல் கவனியுங்கள். கன்னத்தில் காற்றுப் படுகிறதா என்பதே முக்கியம். குறட்டை போன்ற ஒலி கேட்டால் நாக்கு பாதி அடைத்திருக்கிறது, மோவாயை இன்னும் தூக்க வேண்டும். களகளவென்று கேட்டால் வாயில் எச்சிலோ வாந்தியோ தேங்கியிருக்கிறது. நீண்ட இடைவெளி விட்டு வாயைப் பிளந்து இழுப்பது மூச்சாகாது. அப்போதும், மூச்சே இல்லாதபோதும், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும்.

மூச்சு சீராக இருந்தால், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உங்கள் பக்கமுள்ள அவரது கையை மடக்கி வெளியே நீட்டி, மறு கையின் புறங்கையை அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, அப்பால் உள்ள முழங்காலை மடக்கி உங்களை நோக்கி இழுத்தால், கனத்த உடம்பும் எளிதாகப் புரளும். தலை பின்னால் சாய்ந்தும் வாய் சற்றுத் தரையை நோக்கியும் இருந்தால், வாந்தி வெளியே வடிந்துவிடும். விபத்தில் கழுத்தில் அடிபட்டிருக்கக்கூடும் என்று தோன்றினால் தேவையின்றிப் புரட்டாதீர்கள். ஆனால் வாந்தியால் வழி அடைபடுமானால், தலையும் உடம்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி இருவராகப் பிடித்துப் புரட்டுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலேயே இருந்து, அவ்வப்போது கன்னத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.