சிமெண்ட் பால் ஊற்றும்போது சறுக்கும் இடங்கள்

அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் சிமெண்ட் தூளை விரித்தால், பாதி பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். கிராமச் சாலையின் அடிமண்ணை உறுதிப்படுத்த, தூளுக்குப் பதில் சிமெண்டைப் பாலாகக் கரைத்து ஊற்றலாம் என்று தோன்றுவது இதனால்தான். நல்ல யோசனைதான். ஆனால் தூளில் பழகியவர்கள் பாலுக்கு மாறும்போது, அதோடு சேர்ந்து மண்ணுக்குள் போகும் தண்ணீரைக் கணக்கில் வைப்பதில்லை. நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. கனமுள்ள அடுக்கில், சதுர மீட்டருக்கு உலர்ந்த மண் சுமார் 360 கிலோ இருக்கும். 4 சதவீத சிமெண்ட் என்றால் 14.4 கிலோ. அதே எடைக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்தால், மண்ணின் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறிவிடும். ரோலரில் மண் நன்றாக இறுகுவதற்கு ஆய்வகம் சொன்ன உகந்த ஈரப்பதம் 12 சதவீதம் என்றால், ஊற்றுவதற்கு முன் மண்ணில் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அவ்வளவுதான். மழை பெய்த மறுநாள் 11 சதவீத ஈரத்தில் ஊற்றினால், ரோலர் ஏறும்போது மண் மெத்தை மாதிரி அமுங்கி எழும். அன்றைக்குத் தூளே மேல். இல்லையென்றால் மண்ணைக் கிளறிக் காயவிட வேண்டும்.

பால் எவ்வளவு கெட்டி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 50 கிலோ மூட்டைக்கு 50 லிட்டர் தண்ணீர் விட்டால் கிடைப்பது சுமார் 66 லிட்டர் பால். ஒரு லிட்டர் குவளையில் பிடித்து எடை போட்டால், பால் மட்டும் 1 கிலோ 500 கிராமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 1 கிலோ 300-தான் என்றால் யாரோ தண்ணீரை இரட்டிப்பாக்கிவிட்டார்கள், அல்லது டேங்கரில் கலக்கும் கருவி ஓடாமல் சிமெண்ட் அடியில் தங்கிவிட்டது.

அடுத்தது நேரம். சுண்ணாம்புப் பால் ஊற்றிய மண்ணை ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிய வேண்டும் என்பது வழக்கமான விதி. பாலில் அந்தக் கடிகாரம் டேங்கருக்குள் தண்ணீர் பட்டதுமே ஓடத் தொடங்கிவிடும். ரயில்வே கேட்டில் டேங்கர் நின்ற முக்கால் மணி நேரமும் அதில் சேர்த்திதான்.

மண்ணைக் கிளறாமல் ஊற்றினால் பால் சரிவில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும்; பள்ளம் பாறையாகும், மேடு பழையபடி மண்ணாகவே கிடக்கும். கரிசலில் கட்டிகள் உடையாது, பால் மேலே பூசிக்கொண்டதோடு சரி. அங்கே முதலில் சுண்ணாம்பு போட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கிவிட்டு, அப்புறம்தான் சிமெண்ட்.

தூசி இல்லை என்று வெறுங்காலோடு இறங்காதீர்கள், பால் தோலை அரித்துவிடும். சாயங்காலம் டேங்கரைக் கழுவாமல் விட்டால், மறுநாள் காலை உளியும் சுத்தியலும்தான்.