கையடக்க ரிமோட்டில் லேப் பவர் சப்ளை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

ஒரு கையில் புரோபை அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் பவர் சப்ளையின் குமிழை எட்டித் திருகியவர்களுக்கு இந்த ரிமோட் உதவும். தேவையானவை: ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ (கையளவுச் சிறு கணினி, இனி ‘பை’), 128 x 64 புள்ளி ஓஎல்இடி திரை, ஒரு ரோட்டரி என்கோடர் (திருகும் திசையையும் அளவையும் சொல்லும் குமிழ்), ஒரு பெரிய பொத்தான்.

படி 1: கருவி பேசுமா என்று பாருங்கள்

கருவியின், அதாவது பவர் சப்ளையின், பின்பக்கம் லேன் (நெட்வொர்க் கேபிள்), யூஎஸ்பி, ஆர்எஸ்-232 (பழைய சீரியல் இணைப்பு) அல்லது ஜிபிஐபி (ஆய்வகக் கருவிகளுக்கான இணைப்பு) இருக்க வேண்டும். இன்றைய பெரும்பாலான கருவிகள் 1990இல் வந்த எஸ்சிபிஐ கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும். தொடக்கத்துக்கு லேன்தான் வசதி: கருவியின் கேபிள் ரௌட்டருக்கு, பை வைஃபையில். பல கருவிகள் கட்டளைக்காக 5025ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) காத்திருக்கும். உங்களுடையது எது என்று மேனுவலில் பாருங்கள். ஆர்எஸ்-232 மட்டும் இருந்தால் அதை நேராகப் பையின் பின்னில் செருகாதீர்கள். அதன் மின்னழுத்தம் பையைக் கெடுத்துவிடும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் வேண்டும்.

படி 2: முதலில் மேசைக் கணினியில்

சாலிடரிங் அயர்னை இப்போதே எடுக்க வேண்டாம். பைத்தானில் கருவிகளோடு பேச உதவும் பைவிசா, பைவிசா-பை நூலகங்கள் இரண்டையும் நிறுவி, "*ஐடிஎன்?" (*IDN?) என்று அனுப்புங்கள். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டச்சு செய்ய வேண்டியது அடைப்புக்குறிக்குள் உள்ள ஆங்கில எழுத்து.) நிறுவனம், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் காற்புள்ளி இட்டுத் திரும்பி வரும். டைம்அவுட் ஆனால் முதல் சந்தேகம் வரிமுடிவுக் குறிமேல் (கட்டளை முடிந்தது என்று காட்டும் எழுத்து) இருக்கட்டும். சாக்கெட் இணைப்பில் (போர்ட் எண் வழியே நேராகப் பேசுவது) வாசிக்கவும் எழுதவும் அதை நாமே குறிப்பிட வேண்டும்.

அப்புறம், எந்தச் சர்க்யூட்டும் இணைக்காமல், "வோல்ட் 5" (VOLT 5), "கர் 0.1" (CURR 0.1), "அவுட்ப் ஆன்" (OUTP ON) என்று ஒவ்வொன்றாக அனுப்பி, "மெஸ்:வோல்ட்?" (MEAS:VOLT?) என்று கேட்டுப் பாருங்கள். கருவிக்குக் கருவி சொற்கள் சற்று மாறும். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் "சிஸ்ட்:எர்?" (SYST:ERR?) காரணத்தைச் சொல்லிவிடும். முன்பலகைக் குமிழ் திடீரென்று வேலை செய்யாவிட்டால் பயப்படாதீர்கள், கருவி ரிமோட் நிலைக்குப் போயிருக்கும். லோக்கல் பொத்தான் மீட்டுக் கொடுக்கும்.

படி 3: வயரிங்

திரைக்கு நான்கே வயர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், தரவுக்கு எஸ்டிஏ (பின் 3), கடிகாரத் துடிப்புக்கு எஸ்சிஎல் (பின் 5). என்கோடர் பலகைக்கும் 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். பையின் ஜிபிஐஓ பின்கள் (சிக்னல் வாங்கவும் கொடுக்கவும் உள்ளவை) 5 வோல்ட்டைத் தாங்காது. திரைக்கு லூமா ஓஎல்இடி, என்கோடருக்கு ஜிபிஐஓஜீரோ என்று நூலகங்கள் தயாராகவே உள்ளன.

படி 4: நிரல்

உண்மையான வேலை இங்கேதான். குமிழ் ஒவ்வொரு முறை ‘டிக்’ என்னும்போதும் கட்டளை அனுப்பினால், மெதுவான கருவி பின்தங்கி, நீங்கள் நிறுத்திய பிறகும் வோல்டேஜை மாற்றிக்கொண்டிருக்கும். அது ஆபத்து. குமிழ் 0.2 நொடி ஓய்ந்தபின் கடைசி மதிப்பை மட்டும் அனுப்புங்கள்.

திரையில் இரண்டு எண்கள் வேண்டும்: நீங்கள் கேட்டது, கருவி அளந்து சொன்னது. கேட்டதை மட்டும் காட்டும் ரிமோட்டை நான் நம்பமாட்டேன். கரண்ட் லிமிட் (நாம் வைத்த மின்னோட்ட உச்சவரம்பு) பிடித்துக்கொண்டால் 5 வோல்ட் கேட்ட இடத்தில் 2 வோல்ட்தான் இருக்கும். திரையோ 5 என்று சாதிக்கும். அரை நொடிக்கு ஒருமுறை அளவைக் கேளுங்கள், பதில் வராவிட்டால் பழைய எண்ணை அழித்துக் கோடுகளைக் காட்டுங்கள்.

பெரிய பொத்தான் "அவுட்ப் ஆஃப்" (OUTP OFF) ஒன்றுக்கே. மெனுவுக்குள் புதைக்கக் கூடாது. ஆனாலும் வைஃபை அறுந்தால் அந்தப் பொத்தானால் பயனில்லை, பல கருவிகள் கடைசியாகச் சொன்ன நிலையிலேயே தொடரும். அதனால் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பையும் கரண்ட் எல்லையையும் கருவியிலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று: அந்தச் சாக்கெட் இணைப்புக்குப் பொதுவாகக் கடவுச்சொல் கிடையாது. இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

சரி, பை பூட் ஆகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லையா? ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலரில் மைக்ரோபைத்தான் (பைத்தானின் சிறு வடிவம்) போடுங்கள். பைவிசா அங்கே கிடைக்காது. ஆனால் சாதாரண சாக்கெட்டில் அதே வரிகளை எழுதி அனுப்பினாலே கருவி கேட்டுக்கொள்ளும்.