வன்னி வெயிலுக்க நடக்கவும் ஓடவும் வெளிக்கிடுற ஆக்களுக்கு

பங்குனி பிறந்தாலே கனபேர் நடையையும் ஓட்டத்தையும் விட்டிட்டு மாரி வரட்டும் பாப்பம் எண்டு இருந்திடுவினம். மாரி வந்தா சேறு எண்டுவினம், அது வேற கதை. வயல், தோட்டம் எண்டு நாள் முழுக்க முறியிற ஆக்களுக்கு இது இல்லை, அவைக்கு எக்ஸசைஸ் தேவையில்லை, நித்திரைதான் தேவை. கந்தோர், கடை எண்டு கதிரையில இருந்து வயிறு வச்ச ஆக்களுக்குத்தான் இது.

முதல்ல நேரம். விடிய நாலரைக்கு வெளிக்கிடுங்கோ எண்டு எல்லாரும் சொல்லுவினம், கொழும்புக்கு அது சரி, ஆனா ஒட்டுசுட்டான், நெடுங்கேணி மாதிரி காட்டுக்கரை ஊருகளில இருட்டுக்க போனா எதிர யானை நிண்டாலும் தெரியாது. அதால ரோட்டு வடிவாத் தெரியத் தொடங்கினாப் பிறகு போங்கோ, சித்திரை வைகாசியில ஆறு மணிக்கு முன்னமே வெளிச்சம் வந்திடும், ஏழு ஏழேகாலுக்குள்ள வீட்ட வந்திடலாம். பின்னேரம் எண்டா ஐஞ்சரைக்குப் பிறகு, அதுவும் தார் ரோட்டு வேண்டாம், பகல் குடிச்ச சூட்டை அது அப்பதான் கக்கும், கிறவல் ரோட்டோ பள்ளிக்கூட கிரவுண்டோ நல்லம். சித்திரையில பின்னேர இடிமழை வேற வரும், முழக்கம் கேட்டா வெட்டையிலயும் நிக்காதேங்கோ மரத்துக்குக் கீழயும் ஒதுங்காதேங்கோ, வீட்டுக்க போங்கோ.

குளக்கட்டு மாதிரி இடம் வேற இல்லை, இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எண்டு எங்கட பக்கம் குளத்துக்கு என்ன குறை. ஆனா வேர்த்து விறுவிறுத்தாப் பிறகு ஒரு முழுக்குப் போடுவம் எண்டு தண்ணிக்க இறங்காதேங்கோ, முதலை இருக்கும். குறுக்கு வழி எண்டு பத்தைக்குள்ளயும் இறங்கவேண்டாம், மிதிவெடி போர்ட் இல்லாட்டியும்தான், ஆக்கள் நடந்து பழகின பாதையை விடாதேங்கோ. ஏ9 பெருந்தெரு ஓரத்தில ஓடுறதெண்டா வலப்பக்கமா ஓடுங்கோ, எதிர வாற டிப்பர் கண்ணுக்குத் தெரியோணும்.

இனி முக்கியமான விசயம், உடம்பைப் பழக்கிறது. வெயிலுக்கு உடம்பு பழக ஒண்டு ரெண்டு கிழமை எடுக்கும், அதுக்குள்ள கெதியா வேர்க்கத் தொடங்கும், வேர்வையில போற உப்புக் குறையும், நெஞ்சு அடிக்கிறதும் குறையும். அதால முதல் நாள் பதினைஞ்சு இருபது நிமிசம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமெண்டா வேகம் சரி. லீவில கனடா, லண்டனில இருந்து வாற ஆக்கள்தான் வந்த அடுத்தநாளே அஞ்சு கிலோமீற்றர் ஓட வெளிக்கிடுறவை, தம்பிமார் கொஞ்சம் பொறுங்கோ.

சித்திரைப் புழுக்கமும் தென்மேற்கால அடிக்கிற காஞ்ச சோழகக் காத்தும் ஒண்டில்லை. புழுக்கத்தில வேர்வை காயாமச் சொட்டும், சொட்டுற வேர்வை உடம்பைக் குளிராக்காது, அதால அண்டைக்கு மெதுவா நடக்கோணும். சோழகத்தில மற்றப்பக்கம், வேர்வை வரவரக் காஞ்சிடும், நான் வேர்க்கேல்லயே எண்டு தண்ணியை மறந்திடுவியள். சலத்தின்ர நிறத்தைப் பாருங்கோ, வெளிறின மஞ்சளெண்டாச் சரி, பிளேன்ரீ நிறத்தில போனா தண்ணி காணாது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியிற நடைக்குப் பச்சைத்தண்ணியே காணும், வீட்ட வந்து உப்புப் போட்ட மோரோ பழஞ்சோத்துத் தண்ணியோ குடிச்சா அது காசு குடுத்து வாங்கிற எந்த எனர்ஜி டிரிங்கையும் விடத் திறம். ஜீவனி, அதுதான் வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச்சீனித் தூள், கரைக்கிறதெண்டா ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி, அரைவாசித் தண்ணியில கரைக்கப்படாது. கிட்னி வருத்தக்காரர் எங்கட பக்கம் கனபேர் இருக்கினம், அவையும் நெஞ்சு வருத்தக்காரரும் எவ்வளவு குடிக்கலாம் எண்டு கிளினிக்கில கேளுங்கோ, கிட்னிக்காரர் இளநியையும் கேட்டிட்டுத்தான் குடிக்கோணும், அதில பொட்டாசியம் கூட.

வேர்க்கட்டும் எண்டு பொலித்தீன் மாதிரி ஜக்கெற் போட்டு ஓடுறதை நிப்பாட்டுங்கோ. குறையிறது தண்ணி, கொழுப்பில்லை, தண்ணி குடிக்க அந்த நிறை திரும்ப வந்திடும். தொளதொளத்த பருத்தி ரீசேட், ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

கால் குறண்டினாலோ, தலை சுத்தினாலோ, சத்தி வாற மாதிரி இருந்தாலோ நிப்பாட்டி நிழலுக்க இருங்கோ. கூட வந்த ஆள் மாறாட்டமாக் கதைச்சா, இல்லாட்டி விழுந்திட்டா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடம்புச்சூடு 40 டிகிரிக்கு மேல போயிடும். உடனே 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கேளுங்கோ, அது வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்காம உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசுக்குங்கோ. மயக்கத்தில வாயுக்க தண்ணி விடாதேங்கோ, பனடோலும் குடுக்காதேங்கோ, இந்தச் சூட்டுக்கு அது கேக்காது.

பொம்பிளையள் தனிய நடக்க யோசிச்சா ரெண்டு மூண்டு பேராப் போங்கோ, நாய்த் தொல்லைக்கும் அது நல்லம். நடை அலுத்துப்போனா பின்னேரம் வொலிபோல் விளையாடுங்கோ, இல்லாட்டிப் பிள்ளையளோட கிளித்தட்டு மறியுங்கோ, ஓட்டமெண்டா அதுதான் ஓட்டம்.