லைன் லாஸ் யார் தலையில்? பங்கிடும்போது செய்யும் தவறுகள்

மின்சாரம் கம்பியில் போகும்போது கொஞ்சம் வீணாகும்; அதுதான் லைன் லாஸ். 100 மெகாவாட் போனால் 1 மெகாவாட் இழப்பாகும் ஒரு மின் லைன். அதில் 'அ' மின் நிலையம் 100, 'ஆ' நிலையம் 200 மெகாவாட் அனுப்புகின்றன. மொத்த இழப்பு 3 என்று நினைப்பதுதான் முதல் தவறு. மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு இழப்பு ஏறுவதால் விடை 9.

தனியாக அனுப்பியிருந்தால் 'அ'வுக்கு 1, 'ஆ'வுக்கு 4. மீதி 4 மெகாவாட் இருவரும் சேர்ந்து ஓடியதால் வந்தது. அது யாருடையது என்பதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. ஆகவே "உண்மையான பங்கு இதுதான்" என்று ஒரு சாஃப்ட்வேர் எண் காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஏதோ ஒரு உடன்பாட்டின்படி பிரித்த எண் அது. ஆய்வாளர் பியாலெக் 1996-இல் முன்வைத்த மின்தடம் தேடும் முறையும் அப்படித்தான். ஒரு பஸ்ஸில் (பல லைன்கள் கூடும் முனை) வந்து சேரும் மின்சாரம் அதே விகிதத்தில் கலந்து வெளியேறுகிறது என்ற அனுமானம் அதன் அடித்தளம். நியாயமான அனுமானம்தான், ஆனால் நிரூபிக்க முடியாதது.

அடுத்து, கூடுதல் ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு இழப்பு என்று பார்த்து வசூலிப்பது. மேலே சொன்ன லைனில் அது 6 சதவீதம். 'அ' 6, 'ஆ' 12, மொத்தம் 18. நடந்த இழப்போ 9! இருமடங்கு வசூலை அளவு குறைத்துச் சரிசெய்யாவிட்டால் கணக்கு உதைக்கும். இதே முறையில் ஸ்லாக் பஸ்ஸை (கணக்கில் மின் பற்றாக்குறையையும் உபரியையும் ஈடுகட்டுவதாக வைத்துக்கொள்ளும் முனை) இடம் மாற்றினால் எல்லாருடைய பங்கும் மாறும். அறிக்கையில் அதைக் குறிப்பிடாமல் விடுபவர்கள் ஏராளம். நுகர்வு மையத்துக்கு அருகிலுள்ள நிலையம் இழப்பைக் குறைத்தால் அதன் பங்கு மைனஸில் வரும். பிழையென்று பூஜ்ஜியமாக்கினால் அந்தச் சுமை மற்றவர் மேல் விழும்.

இந்தியாவில் பலர் இன்னும் பழைய விதியிலேயே கணக்குப் போடுகிறார்கள். 2011 ஜூலையில் வந்த இணைப்புப் புள்ளி முறையில் மின்சாரத்தை அனுப்புபவர், எடுப்பவர் இருவருக்கும் இடத்தைப் பொறுத்து இழப்பு விதிக்கப்பட்டது. 2020 நவம்பரிலிருந்து மாநிலங்களுக்கிடையேயான வலையமைப்புக்கு நாடு முழுவதும் ஒரே சராசரி. தேசிய மின்சுமை மையம் வாரந்தோறும் கணக்கிடுகிறது. எடுப்பவர் ஷெட்யூலில் (முன்கூட்டியே குறிக்கும் மின் அளவு) மட்டும் கழிகிறது. ராஜஸ்தான் சோலாரை வாங்கினாலும் ஆந்திரச் சோலாரை வாங்கினாலும் தமிழ்நாட்டுக்கு ஒரே சதவீதம். தகராறு குறைந்தது உண்மை. எங்கே நிலையம் கட்டினால் நல்லது என்ற சமிக்ஞையும் அதோடு போய்விட்டது என்பது என் எண்ணம். பிரிட்டன் நேரெதிர்: உற்பத்திக்கு 45, நுகர்வுக்கு 55 சதவீதம் என்று பிரிப்பதோடு, 2018 ஏப்ரலிலிருந்து மண்டலவாரியாகவும் பார்க்கிறது.

"அப்படியானால் நமக்கு லாஸே இல்லை" என்று உற்பத்தியாளர் இருந்துவிடவும் முடியாது. ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் இடம் வாங்குபவரின் மாநில எல்லை என்று இருந்தால், இழப்பு விற்பவர் பணம்தான்.

கடைசியாக ஒரு எக்செல் தவறு. மாநிலங்களுக்கிடையே 3.5, மாநிலத்துக்குள் 4 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். கையில் 100 மெகாவாட் வேண்டுமென்றால் 107.5 வாங்கினால் போதாது. 100-ஐ 0.965-ஆலும் பிறகு 0.96-ஆலும் வகுக்க வேண்டும்: 107.94.